தடுப்பூசிக்கு நிலையான வருவாய்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகளுக்கு இடப்படும் தடுப்பூசியைப் பற்றி இச்சபையில் வைத்தியர்கள் பலமுறை பேசியிருக்கின்றனர். எந்த ஊசி எந்த நோயைத் தடுக்கும், எந்த மாதத்தில் இடவேண்டும் என்பவற்றை நீங்கள் நன்கறிவீர்கள். நான் வைத்தியன் அல்லன். பொதுச் சுகாதாரச் செலவுக் கணக்குகளைப் பல வருஷம் பார்த்துப் பழகியவன். ஆதலின் நான் பேச எடுத்துக்கொண்டது வேறு. அவ்வூசிக்குரிய பணம் யார் பையிலிருந்து வருகிறது, அப்பணம் அடுத்த வருஷமும் தவறாமல் வருமா என்பதே அது.

இதைப் பேசுவதற்கு உடனடியான காரணமும் உண்டு. சங்கத்தின் குழந்தை நல நிதியிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, நம்மவர் குழந்தைகளுக்குத் தடுப்பூசி மருந்தை விலைக்கு வாங்கி இடச் செய்யலாமென்று ஒரு யோசனை நிருவாகக் குழுவின் முன் இருக்கிறது. அதைக் குறித்து என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். யோசனையைக் கொண்டுவந்தோரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் அப்பணத்தை அவ்வழியில் செலவிடலாகாது என்பதே என் கருத்து. எவ்வழியில் செலவிடலாம் என்பதையும் முடிவிற் கூறுவேன். அதற்குமுன் உலகத்தார் இவ்விஷயத்தில் பட்ட அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நம் தேசத்துக்கு இவ்வித்தை புதிதன்று. 1802-ஆம் வருஷம் ஜூன் மாதம் 14-ஆம் தேதி பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு முதன்முதல் அம்மைப்பால் வைக்கப்பட்டது. சென்னையை அடுத்த கிண்டியில் 1899-ஆம் வருஷத்தில் நிறுவப்பட்ட கிங் நிலையம் இம்மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலைச் செய்து கொடுத்துவந்தது. பெரியம்மை உலகத்திலிருந்து ஒழிந்ததென்று 1980-ஆம் வருஷத்தில் பிரகடனம் செய்யப்பட்டது. அதன்பின் அந்நோய்க்காக எந்த அரசாங்கமும் எந்தக் குழந்தைக்கும் அம்மைப்பால் வைக்கவேண்டிய செலவு இல்லாமற் போயிற்று. ஆனால் அவ்வாறு செலவை முடித்துக்கொள்ளும் பாக்கியம் மனிதர் நோய்களுள் அந்த ஒன்றில்தான் இதுவரை நமக்குக் கிட்டியிருக்கிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் 1974-ஆம் வருஷத்தில் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் விரிவான திட்டத்தைத் தொடங்கியது. அதற்குப் பிந்திய ஐம்பது வருஷங்களில் தடுப்பூசியால் காக்கப்பட்ட உயிர்கள் சுமார் 15 கோடியே 40 லட்சம் என்று 2024-ஆம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. அவற்றுள் 9 கோடிக்கு மேற்பட்டவை தட்டம்மை ஊசி ஒன்றினாலேயே காக்கப்பட்டவை. இவ்வளவு பெரிய லாபத்தை இவ்வளவு சிறிய முதலில் தரும் வேறு தருமம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் இதற்குப் பணம் கிடைப்பதில் கஷ்டம் ஏன் உண்டாகிறது? பள்ளிக்கூடம் கட்டுவதும் பாலம் கட்டுவதும் ஒருமுறைச் செலவு. கட்டி முடித்தால் கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். ஒரு வருஷம் பணம் இல்லையெனில் வேலையை நிறுத்தி மறு வருஷம் தொடரலாம். சுவர் எங்கும் ஓடிவிடாது. தடுப்பூசியோ அவ்வாறன்று. சென்ற வருஷத்துக் குழந்தைகளுக்கு இட்டது இவ்வருஷத்துக் குழந்தைகளைக் காவாது. வருஷந்தோறும் புதிய குழந்தைகள் பிறக்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பிறந்த அன்றும், ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும், மீண்டும் ஒன்றரை வயதை ஒட்டியும் ஊசி இடவேண்டும். பணம் ஆறு மாதம் தாமதித்து வந்தால் குழந்தை ஆறு மாதம் காத்திருக்கலாம், நோய் காத்திராது.

இன்னொரு கஷ்டம், பயன் கண்ணுக்குப் புலப்படாமை. நோய் வந்து பிழைத்த குழந்தையைக் கண்டால் வைத்தியரை வாழ்த்துவோம். நோயே வாராத குழந்தையைக் கண்டு யாரை வாழ்த்துவது? வறிய நாடுகளும் நடுத்தர நாடுகளுமாக 94 நாடுகளை எடுத்து ஆராய்ந்து 2016-ஆம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கின்படி, தடுப்பூசியில் செலவிடும் ஒரு டாலருக்கு நோய்ச் செலவும் உழைப்பு நஷ்டமுமாகச் சுமார் 16 டாலர் மிச்சமாகிறது. ஆயினும் அந்த 16 டாலரும் கஜானாவுக்கு வருவதில்லை. தாய் கூலிக்குப் போகாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கவேண்டியிராத நாளாகவும், தகப்பன் நகையை அடகு வைக்கவேண்டியிராத மாதமாகவும் பல்லாயிரம் வீடுகளில் அது சிதறிக் கிடக்கிறது. செலவு ஓரிடத்தில், வரவு பல இடத்தில். ஆகையால் நிதி நெருக்கம் வந்தபோது கணக்கு அதிகாரியின் கத்தரிக்கோல் முதலில் இவ்விடத்தில் விழுகிறது.

செலவு என்றால் மருந்தின் விலை மட்டுமே என்று எண்ணுதலும் கூடாது. மருந்தை 2 பாகைக்குக் குறையாமலும் 8 பாகைக்கு மேற்படாமலும் குளிரில் வைத்துத் தொழிற்சாலையிலிருந்து கிராமத்துத் துணை சுகாதார நிலையம் வரையிற் கொண்டுசேர்க்க வேண்டும். குளிர்ப்பெட்டி, மின்சாரம், வண்டி, செவிலியர் சம்பளம், பதிவேடு ஆகிய யாவும் செலவே. தட்டம்மை மருந்து பல குழந்தைகளுக்கு உரியதாக ஒரே குப்பியில் வருவது. கரைத்த நாலு மணி நேரத்துக்குள் இட்டுவிட வேண்டும். எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு சிற்றூரில் இரண்டே குழந்தைகள் வந்தாலும் குப்பியைத் திறந்தே ஆகவேண்டும். மருந்து வீணாகுமென்று அஞ்சித் திறவாமல் அவர்களைத் திருப்பி அனுப்பினால் அவர்கள் மறுபடி வருவார்கள் என்பது என்ன நிச்சயம்? ஆதலால் வீணாகும் மருந்துக்கும் சேர்த்தே வரவு செலவுத் திட்டம் போடுவது சிக்கனத்துக்கு விரோதமன்று.

தொடர்ச்சி அறுந்தால் விளைவது யாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். சோவியத் நாட்டில் தொண்டை அடைப்பான் நோய் ஏறக்குறைய மறைந்திருந்தது. 1990-ஆம் வருஷத்தை ஒட்டி அந்நாடு பிளவுபட்டது. தடுப்பூசி இடுவதில் முன்னரே தளர்ச்சி உண்டாகியிருந்தது. புதிதாய்த் தோன்றிய தேசங்கள் பலவற்றில் மருந்து கிடைப்பதும் அரிதாயிற்று. அந்தப் பத்து வருஷங்களுக்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அந்நோய் கண்டது. 5,000 பேருக்கு மேல் இறந்தனர். வைத்தியரும் ஆஸ்பத்திரியும் இல்லாத நாடுகள் அல்ல அவை. ஒழுங்காய் நடந்த காரியம் சில வருஷங்கள் ஒழுங்கு தவறிற்று, அவ்வளவே.

இனி, பணம் வரும் வழிகளைப் பார்ப்போம். முதலாவது வழி கொடை. 2000-ஆம் வருஷத்தில் ‘காவி’ என்னும் சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டமைப்பு தோன்றியது. செல்வ நாடுகளும் தனவந்தர்களும் தரும் பணத்தைத் திரட்டி, வறிய நாடுகளுக்கு மருந்தை மலிவாக வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. 100 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் அதனால் நன்மை அடைந்திருக்கின்றனர். இதில் நாம் கவனிக்கவேண்டியது அவர்கள் வகுத்த விதி. மிக வறிய நாடும் ஒரு வேளை மருந்துக்கு 20 சென்ட்டாவது தன் சொந்தக் கஜானாவிலிருந்து கொடுக்க வேண்டும் என்று ஏற்படுத்தினார்கள். நாட்டின் வருமானம் உயர உயர அப்பங்கும் உயரும். குறித்த எல்லையைத் தாண்டினால் சில வருஷங்களில் முழு விலையையும் அந்நாடே ஏற்க வேண்டும். வறியவனிடத்தில் 20 சென்ட் கேட்பது கடுமையல்லவா என்று தோன்றலாம். அத்தொகை சிறிதாயினும் அதற்காக அந்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுதியாக வேண்டும். ஒருமுறை எழுதப்பட்ட வரியில் தொகையைக் கூட்டுவது எளிது. இல்லாத வரியைப் புதிதாய் எழுதச் செய்வது மிகவும் அரிது. கணக்கோடு பழகிய நம்மவர்க்கு இதன் சூக்ஷ்மத்தை விளக்க வேண்டியதில்லை.

அண்டை நாடாகிய இலங்கையும், இமயத்தின் மடியிலுள்ள பூட்டானும் 2015-ஆம் வருஷ முடிவோடு அவ்வுதவியினின்று விலகிச் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கின. நைஜீரியாவோ வருமான எல்லையைத் தாண்டியும் பொறுப்பை ஏற்கும் நிலையில் இல்லை. ஆகவே அதற்கு 2028-ஆம் வருஷம் வரை தவணை நீட்டிக்கொடுக்க நேர்ந்தது. எண்ணெய் வளமுடைய பெரிய நாடு தவணை கேட்டது. சிறிய நாடுகள் கேட்கவில்லை. வருவாய் இருத்தல் வேறு, அவ்வருவாயில் இதற்கென்று ஒரு பங்கை முன்னதாகவே கட்டிவைத்திருத்தல் வேறு என்பது இதனால் விளங்கும்.

கொடையாளர் மனமும் என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று. 2026 முதல் 2030 வரையிலான காலத்துக்கு அக்கூட்டமைப்பு 1,190 கோடி டாலர் வேண்டுமென்று கேட்டது. 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கூடிய மகாநாட்டில் 900 கோடிக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கே வாக்குறுதி கிடைத்தது. பெருங்கொடையாளராய் இருந்த அமெரிக்க அரசாங்கம் இனித் தருவதில்லை என்று அச்சமயத்தில் அறிவித்தது. கொடுத்தவரை நொந்து பயன் இல்லை. பிறர் கொடை பிறர் இஷ்டத்தைப் பொறுத்தது. அதைக்கொண்டு ஒரு நற்காரியத்தைத் தொடங்கலாம்; என்றைக்கும் நடத்திவிடலாம் என்று நம்பியிருத்தல் ஆகாது.

இரண்டாவது வழி மூலநிதி. பூட்டான் ராஜ்யத்தார் 1998-ஆம் வருஷத்தில் சுகாதாரத்துக்கென ஒரு தருமநிதியை ஏற்படுத்தினர். 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ப்பது நோக்கம். கொடையாளர் ஒரு டாலர் கொடுத்தால் அரசாங்கமும் ஒரு டாலர் போடும் என்று ஏற்பாடு. முதலைத் தொடாமல் அதன் வருமானத்திலிருந்து தடுப்பூசியும் இன்றியமையாத மருந்துகளும் வாங்குவதென்று வகுத்தார்கள். 2002-ஆம் வருஷத்தில் அந்நாட்டுச் சுகாதார மந்திரி சங்கே நேடுப் என்பவர், கிழக்கேயுள்ள திராஷிகாங்கிலிருந்து தலைநகராகிய திம்பு வரையில் சுமார் 560 கிலோமீட்டர் தூரத்தை 15 நாளில் கால்நடையாய்க் கடந்து இந்நிதிக்குப் பொருள் திரட்டினார்.

இவ்வழி நமக்கு அந்நியமானதன்று. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துப் பொதுக் காரியம் நடத்தும் வழக்கத்தைத் தமிழ் நாட்டு வணிகர் நெடுங்காலமாய்க் கையாண்டுவருகின்றனர். விருதுநகர் நாடார் பெருமக்கள் அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு 1889-ஆம் வருஷத்தில் நிறுவிய க்ஷத்திரிய வித்தியாசாலையை யார் அறியார்? மகமையின் சிறப்பு அதன் பெருமையில் இல்லை. அதன் ஒழுங்கில் இருக்கிறது. சரக்கு நகர்ந்தால் மகமையும் சேரும். ஒவ்வொரு முறையும் ஒருவர் வாசலிற் போய் நின்று கையேந்த வேண்டியதில்லை.

ஆனால் மூலநிதிக்கு ஓர் எல்லை உண்டு. நூறு ரூபாய் முதலுக்கு வருஷ வட்டி ஆறு ரூபாய் என்று கொள்வோம். அவ்வருஷத்தில் விலைவாசி ஐந்து ரூபாய் ஏறினால், முதலின் மதிப்புக் குறையாதிருக்க அந்த ஐந்தையும் முதலிற் சேர்க்க வேண்டும்; செலவழிக்கத் தக்கது ஒரு ரூபாயே. சில லட்சம் ஜனங்களைக் கொண்ட பூட்டானுக்கு இது கூடும். வருஷத்துக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நம் தேசத்துக்கு வட்டியைக் கொண்டு ஊசி இடுவதென்பது ஆகாத காரியம். பெரிய நாட்டுக்கு வரிப்பணமே மூலநிதி.

மூன்றாவது வழி கூட்டுக் கொள்முதல். அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1977-ஆம் வருஷத்தில் தங்கள் சுகாதார ஸ்தாபனத்தின் மூலம் ஒரு சுழல்நிதியை ஏற்படுத்த முடிவு செய்தன. எல்லா நாடுகளின் தேவையையும் ஒன்றுசேர்த்து மொத்தமாய் விலை பேசி வாங்குவர். சிறு தீவும் பெரிய நாடும் ஒரே விலை கொடுக்கும். சரக்கு கைக்கு வந்த 60 நாளில் பணத்தைச் செலுத்திவிட வேண்டும். அப்பணம் மறு கொள்முதலுக்கு ஆகும். இது தானமன்று, தவணைக் கடனோடு கூடிய மொத்த வியாபாரம். தத்தம் பணத்தில் வாங்குதலால் அந்நாடுகளின் திட்டம் நாற்பது வருஷத்துக்கு மேலாக நடந்துவருகிறது.

நம் தேசத்தில் 1978-ஆம் வருஷத்தில் இத்திட்டம் தொடங்கி, 1985-ஆம் வருஷம் முதல் அனைவருக்கும் உரியதாக விரிக்கப்பட்டது. மருந்தை மத்திய அரசாங்கம் மொத்தமாய் வாங்குகிறது. மாநிலங்கள் அதை இடுகின்றன. ஐந்து நோய்களை ஒருங்கே தடுக்கும் ஊசி 2011-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் முதன்முதல் தமிழ் நாட்டிலும் கேரளத்திலும் வந்தது. அது மேற்கூறிய கூட்டமைப்பின் உதவியால் வந்தது; பின்னர் அச்செலவை நம் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. பிறர் கொடையில் தொடங்கிய காரியம் சொந்த வரவுக்கு மாறியமைக்கு இது நல்ல உதாரணம்.

பணம் இருந்தும் சரக்கு இல்லாமற் போன காலமும் உண்டு. 2008-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்றிடங்களிலுள்ள அரசாங்க மருந்துச் சாலைகளின் உரிமங்கள், உற்பத்தி முறை உரிய தரத்தில் இல்லையென்று நிறுத்திவைக்கப்பட்டன. 2010-ஆம் வருஷத்திலேயே அத்தடை நீங்கியது. இடையில் மருந்துத் தட்டுப்பாடு உண்டாயிற்று. கட்டடத்தையும் இயந்திரத்தையும் காலத்துக்கு ஏற்பப் புதுப்பிக்கும் செலவைத் தள்ளிப்போட்டால் அது பிறகு வட்டியோடு வந்து சேரும் என்பதை இதனால் அறியலாம்.

இவற்றிலிருந்து நான் எடுத்துச் சொல்லும் விதிகள் நான்கு. முதலாவது, தடுப்பூசிக்குரிய தொகை வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாக, பெயரோடு நிற்க வேண்டும். பொதுவான சுகாதாரச் செலவுக்குள் மறைந்து கிடத்தல் ஆகாது. இரண்டாவது, ஒதுக்கிய தொகை வேறு. உரிய காலத்தில் கைக்கு வந்து செலவான தொகை வேறு. கேட்பவர் இரண்டையும் கேட்க வேண்டும். மூன்றாவது, புதிய ஊசியைச் சேர்க்கும்போதே ஐந்தாம் வருஷத்திலும் பத்தாம் வருஷத்திலும் அதன் விலையை யார் கொடுப்பார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். நான்காவது, கொடை வருமிடத்து அதைப் பெட்டி, வண்டி, பயிற்சி முதலிய ஒருமுறைச் செலவுக்கு ஆக்கி, வருஷாந்தரச் செலவைச் சொந்த வரவில் கட்ட வேண்டும்.

இப்போது நம் சங்கத்தின் யோசனைக்கு வருகிறேன். மருந்தை நாம் வாங்கலாகாது என்று ஏன் சொன்னேன்? அரசாங்கத்தார் மொத்தமாய் வாங்கும் விலைக்கும் நாம் சில்லறையில் வாங்கும் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இலவசமாய்க் கிடைப்பதையே நாம் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குவோம். மேலும் நம் நிதி வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்குவது; ஒரு வருஷம் இட்டு மறு வருஷம் கைவிட்டால் குழந்தையின் வரிசை குலையும். எல்லாவற்றிலும் முக்கியமானது இன்னொன்று. தொற்றுநோய் குலம் பார்ப்பதில்லை. நம் தெருக் குழந்தைகளுக்கு மட்டும் ஊசி இட்டு அடுத்த தெருவை விட்டுவிட்டால், தட்டம்மை நமக்கென்று வேலி கட்டி நிற்காது. ஊசி இடும் வயது வாராத நம் கைக்குழந்தையைக் காப்பது அடுத்த தெருக் குழந்தைக்கு இட்ட ஊசியே.

“வசதி உள்ளவர்கள் தனி வைத்தியரிடம் இட்டுக்கொள்கிறார்கள், அரசாங்கத் திட்டம் எப்படிப் போனால் நமக்கென்ன?” என்று சிலர் கேட்கின்றனர். படித்தவரும் பணமுடையவரும் புதன்கிழமைதோறும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லாமல் நின்றுவிட்டால், அங்கே குளிர்ப்பெட்டி பழுதானதையும் மருந்து வாராததையும் கேட்கத் தெரிந்த வாய்கள் குறைந்துவிடுகின்றன. அரசாங்கப் பணமென்பது வேறு யார் பணமும் அன்று. சோப்புக் கட்டி வாங்கும் ஏழையும் அதில் வரி கொடுத்திருக்கிறான். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது நம் வணிக மரபுக்குப் புதிய வித்தையா?

ஆகவே நான் கூறும் மாற்று யோசனை இது. ஒதுக்கக் கருதிய தொகையை மருந்துக்கு அன்றி, மருந்து குழந்தையிடம் சென்று சேரும் வழிக்குச் செலவிடுவோம். கூலி வேலைக்குச் செல்லும் தாய் ஊசி நாளில் அரை நாள் கூலியை இழக்கிறாள். தூரத்துக் குடியிருப்பிலிருந்து வர வண்டிச் சத்தம் இல்லை. இவற்றை ஈடுசெய்யச் சிறு தொகை போதும். வேலை தேடிப் பிற மாநிலங்களிலிருந்து வந்து நம் மில்களிலும் செங்கற் சூளைகளிலும் இருப்போரின் குழந்தைகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இராது. நம் இளைஞர் இருவர் கிராம சுகாதாரச் செவிலியரோடு சென்று அப்பெயர்களை எழுதிக் கொடுத்தால் அது பெரிய உதவி. முதலாளிகளாய் உள்ளவர்கள் ஊசி நாளில் தாய்மார்க்குக் கூலியோடு விடுமுறை கொடுத்தால், சங்கத்து நிதியிலிருந்து ஒரு காசும் போகாது. இச்சலுகைகள் யாவும் எக்குலத்துக் குழந்தைக்கும் உரியவாக இருக்க வேண்டும். இத்துடன், வருஷந்தோறும் மாநில வரவு செலவுத் திட்டம் வெளியானவுடன் இருவர் உட்கார்ந்து தடுப்பூசிக்குரிய ஒதுக்கம் எவ்வளவு, சென்ற வருஷம் செலவானது எவ்வளவு என்று பார்த்து நம் மாத வெளியீட்டில் ஒரு பக்கம் எழுதட்டும். தேர்தல் வருங்கால் வேட்பாளரிடம் அப்பக்கத்தை நீட்டிக் கேட்போம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நகைச் சீட்டையும் நிலப் பத்திரத்தையும் காப்பதுபோலக் குழந்தையின் ஊசி அட்டையையும் காப்பாற்றுங்கள். அட்டை தொலைந்தால் இட்டது எது, இடாதது எது என்று தெரியாமற் போகும். இட்டதையே மீண்டும் இட நேரும். அவ்விரயமும் பொதுப் பணத்தின் விரயமே.

பெரியோர்களே! முன்னோர் வைத்த தண்ணீர்ப் பந்தல் கோடைதோறும் தவறாமல் நடப்பதற்கு அவர்கள் அதற்கென்று எழுதிவைத்த நிலமே காரணம். தடுப்பூசிக்கும் அவ்வாறு எழுதிவைத்த வருவாய் வேண்டும். அதை எழுதச் செய்வது அரசாங்கத்தின் கடமை. எழுதியது நிறைவேறுகிறதா என்று பார்ப்பது நம் கடமை. மருந்து வாங்கும் யோசனையை மேற்சொன்னவாறு திருத்தி நிறைவேற்றும்படி நிருவாகக் குழுவினரை வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன். வருஷந்தோறும் புதிய குழந்தைகள் வந்துகொண்டே இருப்பார்கள். நம் தீர்மானமும் வருஷந்தோறும் புதுப்பிக்கப்படுவதாக.